நோன்புக் கிட்டார்

“கையைக் கழுவலையே, அண்ணே?”

“காலையிலருந்து தண்ணி தொடல. நீங்கதான போன்ல அப்பிடிச் சொன்னிய?”

“நல்லது. விரலக் குடுங்க.”

கஸ்பார் நீட்டினார். துணி கிளிப் மாதிரி இருந்த வேர்வைக் கருவியை ஹசீனா எடுத்தாள். இவ்வளவு மெலிந்த விரலை அவளுடைய கருவி இதுவரை கவ்வியதில்லை. மாட்டிய பிறகும் நழுவியது. தன் விரலாலேயே பிடித்துக்கொண்டாள்.

“எந்த ஊரு பிள்ள?”

“காயல்பட்டினம். வேலைதான் கோயம்புத்தூர்ல, வாத்தியக் கம்பி செய்ற எடத்துல. தெக்க எங்க கம்பி கெட்டாலும் என்னத்தான் அனுப்புவாங்க.”

“அப்பம் நம்ம பக்கந்தான். எட்டி பிலோமி, இந்தப் பிள்ளைக்கு ஒரு டீ போடு.”

“உங்களுக்கு, அண்ணே?”

“நான் குடிக்கதில்ல.”

அடுக்களையிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “அவிய டீ குடிக்கதில்ல, காப்பி குடிக்கதில்ல, சோறு திங்கதில்ல. கோயில் பீடத்துல புனிதர் சுருவமா ஏத்தி வைக்க வேண்டியதுதான் பாக்கி. கையத் தொட்டு முத்தம் குடுக்க இப்பமே ஆளு வருது.”

“அவ அப்பிடித்தான் பேசுவா” என்றார் கஸ்பார். சிரித்தபோது முகத்தில் பல் மட்டும்தான் இருந்தது.

தூத்துக்குடியில், கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு உள்ளே இருந்தது அந்த வீடு. முன்னறையில் ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில். அதில் அவர்கள் மகள் ஜெனோவா, இருபத்தாறு வயது, கண்ணைத் திறந்தபடி கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாக வெள்ளையாக ஏதோ சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. கன்னம் நிறைந்திருந்தது. அந்த வீட்டில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான்.

கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் கிட்டார் சாய்ந்திருந்தது. அதன் ஆறு கம்பிகளும் இரும்பில்லை. தேன் நிறத்தில், லேசாக ஈரம் கண்டதுபோல இருந்தன. உயிர்க்கம்பி.

“எப்ப மாட்டுனது, அண்ணே?”

“ரெண்டரை வருசம் ஆவப்போவுது. இவ வாங்கித் தந்தது. எனக்கு அமிலக் கை, பிள்ள. இரும்புக் கம்பி மாட்டுனா நாலாம் நாள் துரு. கச்சேரிக்குப் போனா பையில சட்டை இருக்கோ இல்லியோ, ஆறு செட்டு கம்பி இருக்கும். கூட வாசிக்கிறவனுவ, ‘கஸ்பாரு தொட்டா கப்பலே கரையும், பழைய கப்பல் உடைக்கிற எடத்துக்கு வேலைக்குப் போவும்’ம்பானுவ. இவ வேலைக்குச் சேந்த முத வருசம் ஒரு டப்பாவோட வந்தா. ‘அப்பா, உங்க வேர்வையத் தின்னு வளர்ற கம்பி வந்திருக்கு. இனும உங்க கையி யாருக்கும் பாவம் செய்யாது’ன்னா.”

“மாட்டுன பெறகு நாப்பது நாள் பழக்கணும்னு சொல்லியிருப்பாங்களே.”

“சொன்னாவ. நாப்பது நாளும் எந்த உடம்பு தொடுதோ அந்த உடம்பக் கம்பி படிச்சுக்கிடும், அதுக்கப்புறம் மாத்த முடியாதுன்னு. நாப்பதுன்னு கேட்டதும் எனக்கு வேற ஒண்ணும் தோணல. சாம்பல் புதன் அன்னைக்கு மாட்டினேன்.”

ஹசீனா நிமிர்ந்தாள். “தவக்காலத்துலயா?”

“கணக்கு அப்பிடியே பொருந்திச்சுல்லா? நல்ல காரியத்த நல்ல நாள்ல தொடங்குவோம்னு நெனச்சேன்.”

“வழக்கமா என்ன சாப்பிடுவீங்களோ அதையே சாப்பிடுங்கன்னு அட்டையில போட்டிருக்குமே, அண்ணே.”

“அட்டைய யாரு படிச்சா? எங்க வீட்டுல தவக்காலம்னா அப்பா காலத்துலருந்து ஒரு வேளை, ஒரு டம்ளர் கஞ்சி, ஒரு உருண்டை துவையல். மீன் கெடையாது, எறச்சி கெடையாது. அந்த நாப்பது நாளும் கம்பி எப்பிடிப் பாடிச்சு தெரியுமா? பாஸ்கா பூசைக்கு வாசிச்சேன். கோயில்ல ஒருத்தர்கூட இருமல. மறுநாள் ஈஸ்டர். சீலா மீன் கொழம்பு, பன்றி வறுவல் எல்லாம் தின்னேன். பத்தாம் நாள் கம்பி செத்த எலி மாதிரி ஆயிட்டு. இவ விழுந்து விழுந்து சிரிச்சா. ‘அப்பா, இது நோன்புக் கிட்டாரு. வருசத்துக்கு நாப்பது நாள்தான் வேலை செய்யும்’னா. சரின்னு தூக்கி அலமாரிக்கு மேல வச்சேன்.”

அந்த ஜூலையில் ஜெனோவாவின் வண்டி லாரியில் மோதியது. மண்டையைத் திறந்து மூடினார்கள். உயிர் தங்கியது, மற்றது வரவில்லை. எட்டு மாசம் யார் கூப்பிட்டும் அவள் கண் அசையவில்லை.

“அடுத்த தவக்காலம் வந்துது. மனசு கேக்காம, நோன்பு இருக்கமேன்னு கிட்டார எடுத்தேன். முத வாரம் கம்பி முனங்கிச்சு. ரெண்டாம் வாரம் தொறந்துது. ஞாயித்துக்கெழம மீன் பொரியும்போது நான் சும்மா ஒரு மெட்டு வாசிப்பேன், பேரில்லாத மெட்டு. அத வாசிச்சேன். இவ தலையத் திருப்பினா. இந்தா, இந்தப் பக்கம். என் பக்கம்.” கஸ்பார் தன் கழுத்தைத் திருப்பிக் காட்டினார். “அந்த ஈஸ்டருக்கு நான் எப்பிடி நோன்ப முடிப்பேன், சொல்லுங்க?”

ஹசீனா மனசுக்குள் கணக்குப் போட்டாள். அந்த ஈஸ்டர் போய் இன்னொரு ஈஸ்டரும் போயிருந்தது.

“பங்குச்சாமி வந்து, ‘கஸ்பாரு, நான் விலக்கு தாரேன், முடிச்சுக்கோ’ன்னாவ. ‘இந்த நோன்பு ஆண்டவருக்கு இல்ல சாமி, கிட்டாருக்கு. அதுகிட்ட விலக்கு வாங்கித் தாங்க’ன்னேன். சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போனாவ. வாசல்ல செருப்பு மாட்ட ரொம்ப நேரமாச்சு அவியளுக்கு.”

“எங்க நோன்பு முப்பது நாள்ல முடிஞ்சிரும், அண்ணே. பெருநாள் வந்தே தீரும்.”

“குடுத்து வச்சவங்க.”

கருவியை விரலிலிருந்து எடுத்துக் கம்பியில் மாட்டினாள் ஹசீனா. மரத்துக்குள் வருஷ வளையம் இருப்பதுபோல உயிர்க்கம்பிக்குள் நாள் வளையம் உண்டு. எந்த நாளில் எந்த மாதிரி வேர்வையைக் குடித்ததோ, அது அப்படியே படிந்திருக்கும். கையிலிருந்த திரையில் கோடுகள் வரிசையாக எழுந்தன. ஓரிடத்தில் வந்ததும் அவள் விரல் நின்றது.

“இவ திரும்புறது எப்ப நின்னுச்சு, அண்ணே?”

“மூணு வாரம் இருக்கும். அதுக்கு முன்னாலயே கம்பி மங்க ஆரம்பிச்சிட்டு.”

“அஞ்சு வாரத்துக்கு முன்னால சாப்பாட்டுல ஏதாச்சும் மாத்துனீங்களா?”

“ஒண்ணும் மாத்தல” என்றார் கஸ்பார். அவள் கேட்டு முடிப்பதற்குள் சொல்லிவிட்டார்.

“பிள்ள” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. “டீய இங்க வந்து எடுத்துக்கோ. எனக்குக் கையி ஒழியல.”

பிலோமியின் இரண்டு கையும் சும்மாதான் இருந்தன. ஹசீனா உள்ளே வந்ததும் கதவை ஒருக்களித்துவிட்டு, அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேடையில் வைத்தாள்.

“இதத்தான் அந்தக் கருவி காட்டுச்சா?”

ஹசீனா டப்பாவைத் திறந்து பார்த்தாள். சுண்ணாம்பு மாதிரி வெள்ளைப் பொடி.

“மீன்லருந்து எடுத்த புரதம்” என்று டப்பா மேல் ஒட்டியிருந்ததைப் படித்தாள்.

“சூரை மீனாம். வாடையே வராம ஆக்கியிருக்கான். டாக்டரம்மா குடுத்தா. ‘கால் வீங்கிட்டு, நெஞ்சுல தசை கரையுது, இப்பிடியே போனா ரெண்டு மாசம்’னா. நான் என்ன செய்ய? கஞ்சியில கலந்து குடுக்கேன். அஞ்சு வாரமா.”

“அக்கா, அவருக்கு…”

“தெரியாது. தெரிஞ்சா எங் கையால தண்ணி குடிக்க மாட்டாவ. நீ சொல்லு பிள்ள, பொடியாலதான் எம் பிள்ள திரும்ப மாட்டேங்குதா?”

ஹசீனா டீயைக் கையில் எடுத்தாள், குடிக்கவில்லை. “வேற வீடா இருந்தா இத நான் நல்ல சேதின்னு சொல்லியிருப்பேன். அவரு உடம்பு தேறிட்டு வருது, அக்கா.”

“மீனு வேண்டாம். பருப்பு குடுக்கேன். பயறு குடுக்கேன். கம்பி அதுக்கு ஒத்துக்கிடுமா?”

“மீன் இல்ல காரியம். பட்டினி கெடக்குற உடம்பு ஒரு கட்டத்துல தன்னையே எரிச்சுத் தின்னும். கொழுப்பு தீந்தா தசை. அப்படி எரியுறப்போ வேர்வையில ஒரு சரக்கு எறங்கும். அந்த நாப்பது நாளும் இந்தக் கம்பி அதக் குடிச்சுத்தான் வளந்திருக்கு. எதக் குடுத்தாலும் சரி, உடம்பு தேறுனா எரியுறது நிக்கும். எரியுறது நின்னா கம்பிக்குச் சாப்பாடு இல்ல.”

பிலோமி அடுப்பைப் பார்த்தாள். அடுப்பு அணைந்திருந்தது.

“அப்பம் அவிய எங்க மகளுக்கு இத்தன நாளா வாசிச்சது…”

“ஆமா, அக்கா.”

“அந்தச் சரக்க மட்டும் பாட்டில்ல அடைச்சு, கம்பியில தடவ முடியாதா?”

“செஞ்சு பாத்திருக்கோம். இறந்துபோன ஒரு வீணைக்காரர் வீட்டுல, கம்பி மட்டுமாச்சும் இருக்கட்டும்னு அழுதாங்க. மூணு நாள் பாடுச்சு. நாலாம் நாள் அழுகிருச்சு. வேர்வையில ஆயிரம் இருக்கு, நமக்குத் தெரிஞ்சது பத்து. நல்லா பாடுனப்ப ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கீங்களா?”

“ஸ்பீக்கர்ல போட்டுப் பாக்காமலா இருப்போம்? வேற கிட்டார்ல வாசிச்சும் பாத்தாவ. அவ திரும்பல. அவளுக்கு அந்தக் கம்பி, அந்த நாற்காலி, அவ அப்பா. வேற எதுவும் ஆவல.”

வெளியே யாரோ மீன் கூவிக்கொண்டு போனார்கள். பிலோமி அனிச்சையாக ஜன்னல் கதவைச் சாத்தினாள். ஒன்றரை வருஷமாக அந்தக் குரல் வரும்போதெல்லாம் அவள் செய்கிற வேலை அது.

“நான் எழுதிக் குடுக்கணும், அக்கா. என்ன கோளாறுன்னு. அவரு படிப்பாரு.” ஹசீனா குரலைத் தாழ்த்தினாள். “கம்பிக்கு வயசாயிருச்சுன்னு எழுதலாம். ரெண்டரை வருசம் பெரிய வயசுதான். பொய்யின்னு யாரும் சொல்ல முடியாது.”

“அப்பிடி எழுதினா?”

“கம்பி செத்துப்போச்சு, இனிமே பட்டினி கெடந்து பிரயோசனம் இல்லன்னு அவரே நோன்ப முடிச்சுருவாரு. நீங்க டப்பாவ ஒளிச்சு வைக்க வேண்டியதில்ல.”

“எம் பிள்ள?”

ஹசீனா டீயை மேடையில் வைத்தாள்.

பிலோமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். டப்பாவை எடுத்து மறுபடி பானைக்குப் பின்னால் வைத்தாள். பிறகு, “எழுது” என்றாள்.

ஹசீனா முன்னறைக்கு வந்து நின்றபடியே சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று நினைத்தாளோ என்னவோ.

“கம்பிக்கு வயசாயிருச்சு, அண்ணே. இனிமே எதுவும் செய்ய முடியாது.”

“கம்பிதானா?”

“ஆமா.”

“வேற ஒண்ணும் இல்லியே? கருவி வேற ஒண்ணும் காட்டலியே?”

“இல்ல, அண்ணே.”

“கம்பிதான். நல்லாப் பாத்துட்டியல்லா? கம்பிதான்” என்று மூன்றாம் முறையும் சொன்னார். காகிதத்தை வாங்கிப் படிக்காமலே மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ஹசீனா ஜெனோவாவின் காலடியில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுப் போனாள். வாசலில் ஓட்ட ஆளில்லாத வண்டி அவளை ஏற்றிக்கொண்டு திரும்பியது.

பிலோமி குழாயை மாற்றினாள். மகளைப் புரட்டிப் படுக்க வைத்து முதுகில் பவுடர் போட்டாள். கணவர் ஏதாவது பேசட்டும் என்று காத்திருந்தாள். கடைசியில் அவள்தான், “செய்தி கேட்டாச்சுல்லா, இனும சோறு திங்கலாமே” என்றாள்.

“அந்தப் பிள்ளைக்குப் பொய் சொல்லத் தெரியல, பிலோமி.”

அவள் கையில் பவுடர் டப்பா நின்றது.

“அரிசிப் பானைக்குப் பொறத்தாலதான வச்சிருக்க?”

பிலோமி பவுடர் டப்பாவைக் கட்டிலில் வைத்தாள்.

“முத நாளே தெரியும். வாடை இல்லன்னு எவனோ எழுதி ஒட்டுனா, கடல்ல பொறந்தவனுக்குச் சூரை தெரியாமப் போவுமா? நாக்குல பட்டதும் தெரிஞ்சுட்டு.”

பிலோமி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். “அஞ்சு வாரமா நான் சொந்த வீட்டுல திருடி மாதிரி நடக்கேன். ராத்திரி ஒறக்கமில்ல. பாவசங்கீர்த்தனத்துல சாமிகிட்ட கூடச் சொல்லல. தெரிஞ்சே குடிச்சியளா? ஏன் குடிச்சிய?”

“பசிச்சுது.”

அவள் அவரைப் பார்த்தாள். அவர் மகளைப் பார்த்தார்.

“வேற ஒண்ணும் இல்ல, பிலோமி. பசிச்சுது. நாளைக்கு நிறுத்திருவோம், நாளைக்குச் சொல்லிருவோம்னு தெனமும் குடிச்சேன். இவ முத நாள் திரும்பாமக் கெடந்தாள்லா, அந்தச் செவ்வாக்கெழம? அன்னைக்கு நான் ரெண்டாவது டம்ளர் கேட்டேன். நெனவிருக்கா? நீ சந்தோசப்பட்டு, ஊத்திக் குடுத்த.”

“நெனவிருக்கு.”

“இவ திரும்பல. நான் ரெண்டாவது டம்ளர் குடிச்சேன். பெறகு கம்பெனிக்குப் போன் போட்டேன். வேற எதுலயாவது கோளாறுன்னு ஒரு படிச்ச பிள்ள வந்து சொல்லாதான்னு.” அவர் சட்டைப் பையிலிருந்த காகிதத்தைத் தொட்டார். “சொல்லிட்டா.”

பிலோமிக்கு அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. அடித்தால் விழுந்துவிடுவார் என்றும் இருந்தது. பக்கத்தில் போய் நின்று, அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தேங்காய் ஓடு மாதிரி இருந்தது தலை.

“நாளையிலருந்து வெறுங்கஞ்சி குடு” என்றார் அவள் சேலைக்குள்ளிருந்து. “ரெண்டு வாரத்துல கம்பி தொறக்கும். இவ திரும்புவா.”

“குடுக்க மாட்டேன்.”

“பிலோமி.”

“திரும்புவா. எத்தன நாளைக்கு? ரெண்டு மாசம். நீங்க போயிட்டா கம்பியும் கூடத்தான போவும்? பெறகு யாரப் பாத்துத் திரும்புவா? சொல்லுங்க. நான் தனியா இவளப் பெரட்டிப் போட்டுக்கிட்டு, ஆளில்லாத நாற்காலியப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?”

“அதுக்குள்ள இவளுக்கு முழிப்பு வந்துட்டா?”

“ஒன்றரை வருசமாத் திரும்பினா. ஒரு வெரல் கூடுதலா அசைஞ்சுதா? டாக்டரம்மா சொன்னத நீங்களும் கேட்டியல்லா? அவ உங்க சத்தத்துக்குத் திரும்பினா. அம்புட்டுத்தான் அவகிட்ட இருந்தது. அத அவ குடுத்துட்டா. நீங்களும் உங்க சதைய அறுத்துக் குடுத்துட்டிய. போதும்.”

“நான் அப்பன்லா, பிலோமி.”

“நான் மட்டும் யாரு?”

பிலோமி முகத்தைக் கழுவிக்கொண்டு, கூடையை எடுத்து வெளியே போனாள். தெருமுனையில் மீன்காரி கடைசிக் கூறு மீனை அள்ளிக்கொண்டிருந்தாள். பிலோமி வருவதைப் பார்த்துவிட்டு, “என்னக்கா, வழி தவறி வந்திட்டியளா?” என்றாள்.

“ஊளி இருக்கா?”

“இருக்கு. அண்ணன் நோன்ப முடிச்சுட்டாவளா? அப்பம் பிள்ள எந்திரிச்சுட்டுதா?”

“அறுத்துக் குடு” என்றாள் பிலோமி.

வெயில் தாழும் நேரத்தில் அந்த வீட்டிலிருந்து மீன் குழம்பு வாசனை தெருவுக்கு வந்தது. எதிர்வீட்டுக்காரி வாசலுக்கு வந்து பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு உள்ளே போனாள். என்ன நினைத்துப் போட்டாளோ தெரியாது.

கஸ்பார் தட்டின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பிலோமி அவசரப்படுத்தவில்லை. முதல் வாயை எடுத்து வைத்ததும் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. துடைக்காமல் மென்றார். இரண்டாவது வாய்க்கு முன்னால், கை அதுவாகவே மீனின் வயிற்றுப் பக்கத்துத் துண்டைப் பிரித்து, முள்ளெடுத்து, தட்டின் ஓரத்தில் ஒதுக்கி வைத்தது. ஜெனோவாவுக்கு நாலு வயதிலிருந்து அவர் அப்படித்தான் எடுத்து வைப்பார். வைத்த பிறகுதான் பார்த்தார். கை அப்படியே நின்றுவிட்டது.

பிலோமி குனிந்து அந்தத் துண்டை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

“உப்பு சரியா இருக்கா?” என்றாள்.

“சரியா இருக்கு.”

சாப்பிட்டு முடித்துக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். கழுவியும் வாசனை போகவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து கிட்டாரை மடியில் எடுத்தார்.

“இப்பம் எதுக்கு?” என்றாள் பிலோமி.

“தெனமும் இந்த நேரத்துக்கு வாசிக்கதுதான?”

கம்பி ஈரத்துணியைத் தட்டியதுபோலச் சத்தம் போட்டது. ஸ்வரம் ஓரிடத்தில் நிற்காமல் விழுந்துகொண்டே போனது. கஸ்பார் நிறுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை மெட்டைத் தொடக்கத்திலிருந்து, ஒரு இடத்தையும் விடாமல் வாசித்தார். ஜெனோவா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிலோமி கட்டிலின் மறுபக்கம் போய் உட்கார்ந்தாள். மகளின் கன்னத்தில் உள்ளங்கையை வைத்து, முகத்தை மெதுவாக அவர் பக்கம் திருப்பினாள். பாட்டு முடியும்வரை கையை எடுக்கவில்லை.